ஒத்துப் பார்த்தல்

பழுது சரியான பிறகுதான் எனக்குச் சந்தேகம் தொடங்கியது. அதுவரை விஷயம் எளிமையாக இருந்தது. செங்கல்பட்டில் பத்திரம் எழுதித் தரும் கடை ஒன்றில், கணினி மந்தமாக இருக்கிறதென்று கூடுதலாக ஒரு ரேம் வாங்கிப் போட்டார்கள். போட்ட நாளிலிருந்து அது நின்று நின்று போனது. திரை திடீரென்று நீலமாகும், வெள்ளை எழுத்தில் நாலு வரி வரும், பிறகு தானாகவே மறுபடி கிளம்பும்; பாதி அடித்த கிரையப் பத்திரம் போனது போனதுதான். கடைக்காரர் என் நெடுநாள் நண்பர். முக்கியமான பத்திரம் என்றால் என்னையும் ஒருமுறை படித்துப் பார்க்கச் சொல்வார். அந்த வகையில் அங்கே எனக்கு ஒரு நாற்காலி உண்டு. கணினி நிற்பதை எல்லோரும் பார்த்தோம், எல்லோருக்கும் எரிச்சல் வந்தது, பழுது பார்க்க ஆள் வந்தார், சரியாகிவிட்டது. ஆனால் ஒருமுறை நின்றதற்கும் மறுமுறை நின்றதற்கும் நடுவே அது ஓடிக்கொண்டிருந்த நேரங்கள் இருக்கின்றனவே, அப்போது அது என்ன செய்துகொண்டிருந்தது? நிற்கும்போது இயந்திரம் தன் நினைவில் கோளாறு என்று ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொள்ளாமல் ஓடிய பொழுதுகளில் அச்சான தாள்களில் கையெழுத்து விழுந்து, விரல்ரேகை விழுந்து, பதிவும் முடிந்து, அவை யார் யார் வீட்டுப் பீரோவிலோ போய்ச் சேர்ந்துவிட்டன. அந்தத் தாள்களை நினைத்தால் எனக்கு இன்னும் நிம்மதியில்லை.

பழுது பார்த்தவர் சின்ன வயதுப் பையன், வேலையில் நிதானம் உள்ளவர். பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றித் தூசியை ஊதிவிட்டு, முதலில் கேட்டது, “ரப்பர் இருக்கா சார்?” பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரால் ரேமின் பொன்னிறக் கால்களை ஒரே திசையில் மெதுவாகத் தேய்த்தார். கோவளத்திலிருந்து மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை கடலோரக் கடைகளில் பாதிப் பழுது இந்தத் தேய்ப்பிலேயே போய்விடுமாம். உப்புக் காற்று ஸ்லாட்டுக்குள் நுழைந்து கால்களில் படிந்துவிடுகிறது, தொடர்பு விட்டு விட்டு வருகிறது. இங்கே அது இல்லை. பழைய ரேமை மட்டும் போட்டு நினைவகச் சோதனையை ஓட்டினார், பிழை இல்லை. புதியதை மட்டும் போட்டு ஓட்டினார், பிழை இல்லை. ஸ்லாட்டை மாற்றிப் பார்த்தார், மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸையும் வேறு போட்டுப் பார்த்தார். இரண்டு ரேமையும் சேர்த்துப் போட்டு ஓட்டியபோது திரையில் சிவப்பு வரிகள் ஒவ்வொன்றாக வந்தன. “ரெண்டும் நல்ல ரேம்தான் சார். ஒண்ணாப் போட்டா ஒத்துக்கல,” என்றார். ஒவ்வொரு ரேமிலும் சிறிய சில்லு ஒன்று உண்டு. என்னால் இவ்வளவு வேகத்தில் ஓட முடியும், கேட்டதற்கு இத்தனை துடிப்பில் விடை தர முடியும் என்று அது போர்டுக்குத் தன்னைப் பற்றிச் சொல்லும். போர்டு இரண்டு பேர் சொல்வதையும் கேட்டுப் பொதுவாக ஒரு வேகத்தை வைத்துக்கொள்ளும். இரண்டும் 1600 என்று சொன்னவைதான். தனித்தனியே அது உண்மையாகவும் இருந்தது. ஒரே கம்பிகளில் இரண்டு பேரின் சுமையும் ஏறும்போது மின்குறி நிலைப்படக் கொஞ்சம் கூடுதல் நேரம் பிடிக்கிறது; நிலைப்படுவதற்குள் படித்துவிட்டால், படித்தது தவறு. அவர் பயாஸில் வேகத்தை 1333க்கு இறக்கினார். இரவெல்லாம் சோதனை ஓடியது, காலையில் பிழை ஒன்றுகூட இல்லை. குற்றவாளி என்று கழற்றி வீச எந்தப் பொருளும் அகப்படாமலே பழுது சரியாகிவிட்டது. என்னை முதலில் சங்கடப்படுத்தியது அதுதான் என்று நினைக்கிறேன்.

கணினியின் நினைவு என்று நாம் சொல்வது எப்படி நிற்கிறது என்று தெரிந்துகொண்டபோது சங்கடம் கூடியது. ஐபிஎம்மில் இருந்த ராபர்ட் டெனார்ட் 1968இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இன்றுவரை அடிப்படையில் மாறவில்லை: ஒரு பிட்டுக்கு ஒரு டிரான்சிஸ்டர், ஒரு மின்தேக்கி. மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் ஒன்று, இல்லாவிட்டால் சுழி. அந்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கிறது, ஒழுகும் குடத்துத் தண்ணீர் மாதிரி. அதனால் ஒரு பிட்டை வைத்திருக்கும் ஒவ்வொரு கண்ணையும் 64 மில்லிவினாடிக்குள் ஒருமுறை படித்து, படித்ததையே திரும்ப எழுதியாக வேண்டும்; சில்லு மிகவும் சூடேறினால் அதில் பாதி நேரத்துக்குள். 8 ஜிபி என்றால் ஏறத்தாழ 6,870 கோடிக் கண்கள், வினாடிக்குப் பதினைந்து முறைக்கு மேல். பத்திரத்தின் ஒரு வரியை அடித்துவிட்டு அடுத்த வரிக்குச் சொல் தேடிக்கொண்டிருக்கும் அந்த மௌனத்தில், அடித்த வரி பேசாமல் கிடக்கவில்லை. அது இடைவிடாமல் தன்னைத்தானே நகலெடுத்துக்கொண்டிருக்கிறது. நகலெடுப்பவருக்கு மூல ஏடு என்று தனியாக ஒன்றும் கிடையாது. சற்று முன் எடுத்த நகலே மூலம். ஒருமுறை தவறாகப் படித்துவிட்டால், தவறையே அதன் பிறகு முழு விசுவாசத்தோடு புதுப்பித்துக்கொண்டிருக்கும். அதன் பார்வையில் அங்கே எப்போதும் இருந்தது அந்த எழுத்துதான்.

எந்த எழுத்து என்று யோசிக்கத் தொடங்கியதும் யூனிகோடு அட்டவணையை எடுத்து வைத்துக்கொண்டேன். அதில் ல 2994, ள 2995. ர 2992, ற 2993. ந 2984, ன 2985. ழ 2996, வ 2997. எ 2958, ஏ 2959. ஒவ்வொரு இணையிலும் முதல் எண் இரட்டை, அடுத்தது ஒற்றை. இரும எண்ணாக எழுதினால் கடைசி ஒரே ஒரு பிட்டில்தான் வித்தியாசம். அந்த ஒற்றைப் பிட்டு புரண்டால் குளம் குலமாகும், களம் கலமாகும், கரை கறையாகும், விளக்கு விலக்காகும். ஏரி எரியாகும். கொளவாய் ஏரி, மதுராந்தகம் ஏரி என்று ஏரியை வைத்தே ஊருக்கு வழி சொல்லும் மாவட்டம் இது. ஏரிக்கரைக்கு மேற்கு, ஏரிக் கலுங்குக்குக் கிழக்கு என்று இங்கே எத்தனை பத்திரங்களில் எல்லை எழுதியிருக்கிறது. நியாயமாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். கோப்புகளில் ஒரு தமிழ் எழுத்து மூன்று பைட்டுகள், அதாவது 24 பிட்டுகள் பிடிக்கிறது. அவற்றில் எது புரண்டாலும் எழுத்து கெடும். பெரும்பாலும் அது கட்டமாகவோ கேள்விக்குறியாகவோ வேற்றுமொழி எழுத்தாகவோ மாறி, படிப்பவர் கண்ணில் உடனே குத்தும். இருபத்து நான்கில் ஒன்று மட்டுமே அடுத்த வீட்டு எழுத்தாக மாறி ஒளிந்துகொள்ளும். ஆனால் அந்த ஒன்று ஒளிந்துகொள்ளும் இடம், நாம் எல்லோரும் தினமும் செய்கிற எழுத்துப்பிழை. ல, ள குழப்பத்தைப் பார்த்து இயந்திரத்தைச் சந்தேகிப்பவர் யார்? எழுதியவர் பள்ளிக்கூடத்தில் சரியாகப் படிக்கவில்லை என்று கடந்து போவோம். இலக்கங்களும் இப்படித்தான். 2க்கும் 3க்கும் நடுவே ஒரு பிட்டு, 4க்கும் 5க்கும் நடுவே ஒரு பிட்டு, 1க்கும் 9க்கும் நடுவேயும் ஒரு பிட்டுதான். புல எண்ணில் புரண்ட இலக்கம் இன்னொரு புல எண்ணாகவே இருக்கும். அதுவும் உண்மையான ஒரு நிலம், அதற்கும் ஒரு சொந்தக்காரர் இருப்பார்.

இப்படி ஒரு பிட்டு புரண்டு பிடிபட்டதும் உண்டு. பெல்ஜியத்தில் 2003 மே மாதம் நடந்த தேர்தலில், ஸ்கார்பேக் என்ற இடத்தில் ஒரு வேட்பாளருக்குக் கணினி 4096 வாக்குகள் கூடுதலாகக் காட்டியது. 4096 என்பது இரண்டைப் பன்னிரண்டு முறை பெருக்கி வரும் எண். பதின்மூன்றாவது பிட்டு ஒன்று மட்டும் சுழியிலிருந்து ஒன்றாகப் புரண்டிருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்கள். மென்பொருளில் தவறு கிடைக்கவில்லை. அதே இயந்திரத்தில் திரும்ப ஓட்டியும் அந்தப் பிழை மறுபடி வரவில்லை. இதில் என்னை நிறுத்திவைப்பது பிழையைவிட அது பிடிபட்ட விதம். அந்த வேட்பாளர் வாங்கியிருக்கக்கூடிய உச்சத்தையும் அந்த எண் தாண்டிவிட்டதால்தான் யாரோ நிமிர்ந்து பார்த்தார்கள். அதே கணக்கில் மூன்றாவது பிட்டு புரண்டிருந்தால் நான்கு வாக்கு கூடியிருக்கும், அந்த நான்கு இன்றும் ஏதோ ஒரு பதிவேட்டில் சரியான எண்ணாக இருந்துகொண்டிருக்கும். பெரிய பிழை தன்னைத்தானே காட்டிக்கொடுக்கிறது. பத்திரக்கடைக் கணினியின் நீலத் திரையும் அந்த வகைதான்: புரண்ட பிட்டு இயங்குதளத்தின் சொந்த வேலைக்கான இடத்தில் விழுந்தால் கணினி தடுமாறி நிற்கிறது. பயனரின் எழுத்து கிடக்கும் இடத்தில் விழுந்தால் நிற்பதற்கு அதற்குக் காரணமே இல்லை. அது தமிழ் படிப்பதில்லை.

பிட்டு புரள்வதற்குப் பெரிய காரணங்களைத் தேடிப்போகும் ஆசை வருகிறது, குறிப்பாக இந்தக் கடற்கரையில் நின்றால். மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்து மணலில் மோனசைட் கலந்திருக்கிறது. மோனசைட்டில் தோரியம் இருக்கிறது. தோரியம் ஆல்பா துகள்களை வெளியிடும். 1978இல் இன்டெல்லில் டிமோதி மே, மர்ரே வுட்ஸ் இருவரும் நினைவுச் சில்லுகளில் காரணம் தெரியாமல் பிட்டுகள் புரள்வதை ஆராய்ந்து, சில்லைப் பொதிந்திருக்கும் பீங்கான் உறையில் இம்மியளவு கலந்திருந்த யுரேனியம், தோரியத்திலிருந்து வரும் ஆல்பா துகள்களே காரணம் என்று காட்டினார்கள். மணலையும் சில்லையும் இணைத்துப் பேசிவிட அழகாகத்தான் இருக்கும். உண்மை அதற்கு இடம் தராது. ஆல்பா துகளை ஒரு காகிதத் தாள் தடுத்துவிடும். கடற்கரையில் கிடக்கும் தோரியம் கடைக்குள் இருக்கும் சில்லை ஒன்றும் செய்யாது, உறைக்குள்ளேயே இருந்தால்தான் ஆபத்து. விண்ணிலிருந்து வரும் கதிர்களும் பிட்டுகளைப் புரட்டும், மறுப்பதற்கில்லை. ஆனால் 2009இல் பியாங்கா ஷ்ரோடர் முதலியோர் கூகுளின் கணினிகளில் ஆண்டுக்கணக்கில் சேர்த்த பதிவுகளை வைத்து வெளியிட்ட ஆய்வு பழைய நம்பிக்கைகளைக் கலைத்துவிட்டது. ஆண்டுக்கு 8 சதவீதத்துக்கும் மேற்பட்ட ரேம்களில் பிழைகள் தென்பட்டன. அவற்றில் பெரும்பங்கு வானத்திலிருந்து விழுந்த தற்செயல் இல்லை, அந்த ரேமிலேயே நிலைத்திருக்கும் கோளாறு. வெப்பத்தின் பங்குகூட எதிர்பார்த்ததைவிடக் குறைவு. கத்திரி வெயிலில் தகரக் கூரைக்கடியில் ஓடும் கணினிகளைப் பார்த்தே பழகிய எனக்கு இதை ஏற்றுக்கொள்ளக் கொஞ்ச நாள் ஆயிற்று. கதிரையும் வெயிலையும் சொல்லிவிட்டால் பொறுப்பு முடிந்துவிடுகிறது. ஒத்துப்போகாத இரண்டு ரேமை ஒரே போர்டில் செருகி, நின்றால் பார்த்துக்கொள்ளலாம் என்று பதிவுக்குரிய தாள்களை அடித்துக்கொண்டிருந்தோம் என்பதற்கு வானம் பொறுப்பாகாது.

இந்தப் பிழைகளுக்கு மருந்து இல்லாமல் இல்லை, எழுபது ஆண்டுகளுக்கு மேலாக இருக்கிறது. பெல் ஆய்வகத்தில் இருந்த ரிச்சர்ட் ஹாமிங்குக்கு ரிலேக்களால் ஆன கணினியில் வார இறுதிகளில் மட்டும் இடம் கிடைக்கும். பிழை கண்டால் அந்த இயந்திரம் அவர் வேலையைக் கைவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். திங்கட்கிழமை வந்து பார்த்தால் விடை இருக்காது. பிழை இருக்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஏன் தெரியக்கூடாது என்ற கோபத்திலிருந்து பிறந்தது அவர் 1950இல் வெளியிட்ட பிழைதிருத்தும் குறிமுறை. அந்த வழியில் வந்ததுதான் ஈசிசி நினைவகம்: 64 பிட்டுகளுக்கு 8 காவல் பிட்டுகள் சேர்த்து 72. ஒரு பிட்டு புரண்டால் தானே திருத்திக்கொள்ளும், இரண்டு புரண்டால் அறிவித்துவிடும். பெரிய சர்வர்களில் இது கட்டாயம்போல் இருக்கிறது. பத்திரம், பட்டா, சாதிச் சான்று, மருத்துவமனைச் சீட்டு அச்சாகும் மேசைக் கணினிகளில் அநேகமாக இல்லை. எட்டில் ஒரு பங்கு கூடுதல் செலவு, அதற்கேற்ற போர்டு, அவ்வளவே தடை. மலிவாக்குவதற்காக முதலில் எடுத்துவிட்டது சாட்சியை என்று எனக்குத் தோன்றுகிறது.

இங்கேதான் பத்திரம் எழுதுகிறவர்களின் பழைய முறைமீது எனக்கு மரியாதை பெருகியது. வெளியாருக்கு அந்த நடை வளவளப்பாகப் படும். தொகையை எண்ணிலும் எழுதி எழுத்திலும் எழுதுவார்கள். பரப்பை ஹெக்டேரிலும் சொல்லி ஏக்கர், செண்டிலும் சொல்வார்கள். புல எண்ணைப் பத்திர உடலில் ஒருமுறை, சொத்து விவரத்தில் ஒருமுறை. போதாதென்று சக்குபந்தி: இன்னார் நிலத்துக்குத் தெற்கு, வாய்க்காலுக்கு வடக்கு, இன்ன புல எண்ணுக்குக் கிழக்கு, வண்டிப்பாதைக்கு மேற்கு, இதன் நடுவில் என்று நான்கு பக்கமும் கட்டிவிடுவார்கள். ஒரே செய்தியை ஒன்றை ஒன்று சாராத வழிகளில் திரும்பச் சொல்லி, ஒன்று பிசகினால் மற்றவை காட்டிக்கொடுக்கும்படி வைப்பது. ஹாமிங் கணிதத்தால் செய்ததும் இதுதான். சாளுவன்குப்பத்தில் அதிரணசண்டன் குடைவரைக்குப் போனவர்கள் பார்த்திருப்பார்கள்: ஒரே வடமொழிச் செய்யுள்களை ஒரு பக்கச் சுவரில் பல்லவ கிரந்தத்திலும் எதிர்ச் சுவரில் நாகரியிலும் வெட்டியிருக்கிறார்கள். மாமல்லபுரத்தில் கணேச ரதத்தில் இருக்கும் கல்வெட்டே தர்மராஜ மண்டபத்திலும் இருக்கிறது. எந்த எண்ணத்தில் இரட்டிப்பாக வெட்டினார்களோ, ஆயிரத்து முந்நூறு ஆண்டு உப்புக் காற்றுக்குப் பிறகு ஒன்றில் மங்கிய எழுத்தை மற்றதில் தேடலாம் என்ற வசதி நமக்கு மிஞ்சியிருக்கிறது. அதே சாளுவன்குப்பத்தில் 2004 சுனாமிக்குப் பிறகு வெளித்தெரிந்த பாறைக் கல்வெட்டுகள் திருவிழ்ச்சில் என்ற ஊரின் முருகன் கோயிலுக்குக் கொடுத்த கொடைகளைச் சொன்னன. கண்ணுக்கெட்டிய தூரம் அப்படியொரு கோயில் இல்லை. கல்வெட்டை நம்பித் தொல்லியல் துறை 2005இல் தோண்டியது. மணலுக்கடியில் கோயில் இருந்தது, அதற்கும் கீழே இன்னும் பழைய செங்கல் கட்டுமானம் இருந்தது. செங்கல்பட்டுச் சீமைக்கே இப்படி ஒரு பழக்கம் உண்டு. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு நடத்திய அளவையில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களின் விவரம் சேர்ந்தது. ஊர்க் கணக்குகள் தமிழில் ஓலையிலும், சுருக்கம் ஆங்கிலத்தில் காகிதத்திலும் கிடைக்கின்றன. வரலாற்று ஆய்வாளர் தரம்பால் அவற்றைத் தேடியெடுத்துப் பேசியதால் இன்று ஓர் ஊரின் ஓலையையும் காகிதத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

நண்பரிடம் என் சந்தேகத்தைச் சொன்னபோது அவர் மறுத்துப் பேசவில்லை. கைநகல்களை அவர் தூக்கிப்போடுகிறவர் இல்லை. கணினிக்குப் போகும் முன் பேனாவால் எழுதிய வரைவுகள் கட்டுக்கட்டாகப் பரணில் இருந்தன. ரேம் போட்ட நாளிலிருந்து வேகத்தை இறக்கிய நாள்வரை அடித்த பத்திரங்களின் அலுவலக நகல்களையும் எடுத்தோம். முன்பெல்லாம் நகல் எடுத்தவரும் ஒப்பிட்டுப் பார்த்தவரும் தனித்தனியே கையொப்பம் இடுவார்கள். அந்த முறையிலேயே நான் வரைவைச் சத்தமாகப் படித்தேன், கடையில் தட்டச்சு செய்யும் பெண் அச்சுத் தாளில் விரல் வைத்துத் தொடர்ந்து வந்தார். வாய்விட்டுப் படிக்கும்போது ஊர்ப் பெயர்களுக்கு ஒரு கனம் வருகிறது. திருக்கழுக்குன்றம், வாயலூர், நெரும்பூர் என்று சொல்லச் சொல்ல, தாளில் இருப்பது நிலம் என்ற நினைவு விட்டுப்போவதில்லை. ல, ள பிழைகள் அங்கங்கே இருந்தன. அவை எதையும் நிரூபிக்கவில்லை. ஒலிபெயர்ப்பு விசைப்பலகையில் லகரமும் ளகரமும் ஒரே விசை, ஷிப்ட்டை அழுத்தத் தவறினால் போதும். ஒரு பத்திரத்தில் மட்டும் நாங்கள் நின்றோம். வரைவில் 114/2. அச்சில் உடலில் 114/2, சொத்து விவரத்தில் 114/3. அதற்கு அடுத்த வரியிலேயே சக்குபந்தி, அந்த நிலம் 114/3க்குத் தெற்கு என்று சொன்னது. எந்த நிலமும் தனக்குத் தானே தெற்கில் இருக்க முடியாது. நான்கெல்லை எழுதியிராவிட்டால் நாங்களும் தாண்டிப் போயிருப்போம்.

2க்கும் 3க்கும் ஒரு பிட்டு வித்தியாசம். விசைப்பலகையிலும் 2க்குப் பக்கத்து விசை 3. இரண்டில் எது நடந்தது என்று கண்டுபிடிக்க இனி வழியே இல்லை, அந்த நொடியின் நினைவு 64 மில்லிவினாடியில் போய்விட்ட ஒன்று. பதிவான பத்திரத்துக்குப் பிழைதிருத்தல் பத்திரம் போட வேண்டும், இரு தரப்பும் திரும்ப வந்து கையெழுத்திட வேண்டும். நண்பர் வரைவு எழுதத் தொடங்கினார். வழக்கமான வாசகம் உண்டு, தட்டச்சுப் பிழையால் இவ்வாறு நேர்ந்துவிட்டது என்று. எழுதி முடிக்குமுன் அந்தப் பெண் கேட்டார்: “நான்தான் தப்பா அடிச்சேன்னு எப்படிண்ணா எழுதுவீங்க?” குரலில் கோபம் இல்லை. பல ஆண்டுகளாக அந்த மேசையில் உட்கார்ந்து ஊராரின் நிலங்களை அடித்தவர் அவர். நண்பர் என்னைப் பார்த்தார், நான் அவர் பக்கம் நிற்பதா இவர் பக்கம் நிற்பதா என்று தெரியாமல் தாளைப் பார்த்தேன். நண்பர் அந்த வாசகத்தை நீக்கிவிட்டு, 114/2 என்று இருக்க வேண்டியது 114/3 என்று பிழையாக உள்ளது என்று மட்டும் எழுதினார். சார்பதிவாளர் அலுவலகத்தில் காரணம் கேட்டால் கேட்கட்டும் என்றார். நிலத்தை விற்றவர் இப்போது மகனோடு திருப்பூரில் இருக்கிறார், தை பிறந்ததும் வந்து கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். பரணில் இன்னும் ஒரு கட்டு ஒத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.